தானியங்கி நிரல் மாற்றங்களை மதிப்பிட யாரை நம்புவது: சோதனைத் தொகுப்பா, மனிதரா, மொழி மாதிரியா?

மனிதர் கைபடாமல் உருவாகும் கணினி நிரல் மாற்றங்கள் ஒரு நாளைக்கு இரண்டு மூன்று என்ற அளவில் வந்துகொண்டிருக்கும் வரை, அவற்றை யார் மதிப்பிடுவது என்ற கேள்வி எழுவதில்லை; அணியில் ஒருவர் படித்துப் பார்த்து இணைத்துவிடுவார். எண்ணிக்கை நூறைத் தொடும்போது நிலைமை மாறுகிறது. ஒன்று, மாற்றங்கள் தேங்கிக் கிடக்கும். அல்லது உண்மையில் யாரும் படிக்காமலேயே இணைப்புப் பொத்தான் அழுத்தப்படும். இரண்டும் பிடிக்காதபோது, மதிப்பீட்டையும் ஒரு கருவியிடம் ஒப்படைத்துவிடலாமே என்ற பேச்சு தொடங்கும். இப்போது அந்தக் கருவியாகப் பெரும்பாலும் முன்வைக்கப்படுவது மொழி மாதிரி, அதாவது ஏராளமான உரையிலும் நிரலிலும் பயிற்சி பெற்று, அவற்றைப் படிக்கவும் எழுதவும் செய்யும் செயற்கை நுண்ணறிவு அமைப்பு. அதை ஏற்பதா, ஏற்றால் எந்த அதிகாரத்தோடு ஏற்பது, ஏற்காவிட்டால் வேறு எதை நம்புவது என்று முடிவெடுக்க வேண்டியவர்களுக்காக, கையிலுள்ள வழிகளை இங்கே ஒப்பிட்டுப் பார்க்கிறேன். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மொழி மாதிரிக்கு ஒரு மாற்றத்தை நிறுத்தி வைக்கும் உரிமையைத் தரலாம். அதை அனுமதிக்கும் உரிமையைத் தரக்கூடாது. நிறுத்தி வைக்கும்போதும், அதற்கான காரணத்தை இயக்கிப் பார்க்கத்தக்க சான்றாகத் தரும்படி அதனிடம் கேட்க வேண்டும்.

தானியங்கி மாற்றம் என்ற ஒரே பெயருக்குள் ஒன்றுக்கொன்று ஒட்டாத மூன்று வகைகள் இருக்கின்றன. டிபெண்டபாட், ரெனவேட் போன்ற கருவிகள் நிரல் சார்ந்திருக்கும் நூலகங்களின் பதிப்பெண்ணை உயர்த்துகின்றன. பழைய நிரலுக்கும் புதியதற்கும் உள்ள வேறுபாட்டை வரி வரியாகக் காட்டும் டிஃபில் தெரிவது ஒரே ஒரு வரி, ஆனால் உண்மையான மாற்றம் அந்த நூலகத்தின் உள்ளே, கண்ணுக்குத் தெரியாத இடத்தில் நடந்திருக்கிறது. ஓப்பன்ரீரைட், லினக்ஸ் கெர்னலுக்குப் பயன்படும் காக்சினெல் போன்றவை எழுதிவைத்த ஒரு விதியைப் பல நூறு கோப்புகளில் ஒரே அச்சில் வார்க்கின்றன. இங்கே மாற்றங்கள் ஆயிரம் இருந்தாலும் அவற்றின் பின்னால் இருக்கும் முடிவு ஒன்றுதான். மூன்றாவது வகை, வழு அறிக்கையைப் படித்துத் தானே திருத்தம் எழுதும் மொழி மாதிரி முகவர்கள் உருவாக்கும் பேட்சுகள், அதாவது வழுவைத் திருத்தும் சிறு நிரல் மாற்றங்கள். அவற்றில் ஒவ்வொன்றும் தனித்தனியான முடிவு. இந்த மூன்றுக்கும் ஒரே மதிப்பீட்டு முறையை வகுப்பதுதான் அணிகள் செய்யும் முதல் பிழை என்று நினைக்கிறேன்.

எந்த வகையானாலும் மதிப்பிடுபவர் இரண்டு கேள்விகளுக்குப் பதில் சொல்லியாக வேண்டும். மாற்றம் செய்ய வந்த வேலையைச் செய்கிறதா? செய்யக் கூடாத எதையும் செய்யாமல் இருக்கிறதா? முதல் கேள்வி எளிது. இரண்டாவதுதான் கடினம், ஏனென்றால் ஒரு நிரல் செய்யக் கூடாதவற்றின் பட்டியலை யாரும் எங்கும் முழுமையாக எழுதி வைப்பதில்லை. இரண்டு நிரல்கள் எல்லா உள்ளீடுகளுக்கும் ஒரே மாதிரி நடந்துகொள்கின்றனவா என்பதை எல்லாச் சூழலிலும் தீர்மானிக்கும் பொதுவான வழிமுறை இருக்கவே முடியாது என்பது, 1953-இல் கணிதவியலாளர் ரைஸ் நிறுவிய தேற்றத்தோடு கணிதத்தில் முடிந்துபோன விஷயம். ஆகவே கீழே வரும் எல்லா வழிகளும் தோராயங்களே. எந்த வழி தவறே செய்யாது என்று தேடுவதில் பயனில்லை. எந்த வகைத் தவறை நாம் தாங்கிக்கொள்ள முடியும் என்பதை வைத்துத்தான் தேர்வு செய்ய வேண்டியிருக்கிறது.

சோதனைத் தொகுப்பை மட்டும் நம்புவது

இதுதான் மிகப் பழக்கமான வழி. நிரலைத் தானாக இயக்கிச் சரிபார்க்கும் சோதனைகள் எல்லாம் பச்சையாக, அதாவது தேறியதாக, இருந்தால் மாற்றத்தை இணைத்துவிடுவது. வேகமானது, ஒரே உள்ளீட்டுக்கு ஒரே பதில் தருவது, யாருடைய மனநிலையையும் பொறுத்ததல்ல. மனிதர் எழுதும் மாற்றங்களுக்கு இது ஓரளவு போதுமானதாக இருப்பதற்குக் காரணம், எழுதும் மனிதர் சோதனையைத் தாண்டியும் யோசிக்கிறார் என்பதே. தானியங்கி முறையில் பேட்ச் தேடும் ஒரு கருவிக்கோ சோதனையைத் தேறுவதே இலக்கு. இலக்காகிவிட்ட அளவுகோல் அளவுகோலாக இருக்கும் தகுதியை இழக்கத் தொடங்குகிறது.

இதற்கு மிகத் தெளிவான சான்று ஜென்ப்ராக் ஆய்வின் வரலாறு. நிரலில் சிறு மாற்றங்களைச் செய்து, அவற்றைக் கலந்து, தேறுபவற்றை மட்டும் வைத்துக்கொள்ளும் மரபணுவழித் தேடலைக் கொண்டு சி மொழி நிரல்களின் வழுக்களைத் தானாகத் திருத்தும் அந்த அமைப்பு, 2012-இல் வெளியான ஆய்வில் 105 வழுக்களில் 55-ஐத் திருத்தியதாக அறிவிக்கப்பட்டது. 2015-இல் வேறொரு ஆய்வுக் குழு அந்தப் பேட்சுகளை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தது. சில சோதனைகள் நிரலின் வெளியீட்டைப் பார்க்கவே இல்லை, நிரல் முடியும்போது தரும் வெளியேற்ற எண்ணை மட்டுமே பார்த்தன என்பது தெரியவந்தது. வெளியீட்டையும் சரிபார்த்தபோது 55 என்ற எண் 18 ஆகச் சுருங்கியது. அந்தப் பதினெட்டிலும், கையால் ஆராய்ந்து உண்மையிலேயே சரியான திருத்தம் என்று சொல்லத்தக்கவை 2 மட்டுமே. பெரும்பாலான பேட்சுகள் செய்தது என்னவென்றால், சிக்கல் தந்த செயல்பாட்டையே நீக்கியது. செயல்பாடு இல்லாவிட்டால் வழுவும் இல்லை, சோதனையும் தேறிவிடும். இந்த ஆய்வுக்குப் பிறகுதான் சோதனையைத் தேறும் பேட்ச் வேறு, சரியான பேட்ச் வேறு என்ற பிரிவினை இத்துறையில் அழுத்தமாக வேரூன்றியது.

மொழி மாதிரிகளின் காலத்திலும் இதே பாடம் திரும்பி வந்தது. மாதிரிகளின் நிரலெழுதும் திறனை அளக்க 2021-இல் வெளியான ஹ்யூமன்இவல் தொகுப்பில் 164 கணக்குகள் இருந்தன. 2023-இல் இவல்பிளஸ் குழு அதே கணக்குகளுக்கான சோதனைகளை ஏறத்தாழ 80 மடங்கு பெருக்கியபோது, அதுவரை சரி என்று எண்ணப்பட்ட விடைகளில் பல தவறு என்று தெரிந்தது. சோதனை மறுபக்கமும் தவறலாம். உண்மையான திட்டங்களின் வழு அறிக்கைகளிலிருந்து 2,294 கணக்குகளைத் திரட்டிய ஸ்வீ-பெஞ்ச் தொகுப்பை மனிதர்களைக் கொண்டு ஆராய்ந்தபோது, சில சோதனைகள் ஒரு குறிப்பிட்ட தீர்வின் வடிவத்தையே எதிர்பார்த்து எழுதப்பட்டிருந்ததால், சரியான வேறு தீர்வுகளையும் தள்ளிவிடுகின்றன என்பது கண்டறியப்பட்டது. அப்படிச் சலித்தெடுத்த 500 கணக்குகளே 2024 ஆகஸ்டில் தனித் தொகுப்பாக வெளிவந்தன.

எளிய எடுத்துக்காட்டு ஒன்றையும் பார்க்கலாம், ஏனென்றால் கட்டுரை முழுவதும் அது பயன்படும். ஜாவாஸ்கிரிப்டில் ஒரு மதிப்பு கொடுக்கப்படாவிட்டால் இயல்புமதிப்பை எடுத்துக்கொள்வதற்குப் பல காலமாக || என்ற குறி பயன்பட்டு வந்தது. 2020 பதிப்பில் அதே வேலைக்கு ?? என்ற புதிய குறி வந்தது. பழையதை எல்லாம் புதியதாக மாற்றும் ஒரு விதியை எழுதி, நூற்றுக்கணக்கான கோப்புகளில் ஓடவிடுகிறோம் என்று வைத்துக்கொள்வோம். பழைய குறி, இடப்பக்கத்தில் சுழியம், வெற்றுச் சரம், பொய் ஆகியவை இருந்தாலும் இயல்புமதிப்பையே எடுக்கும். புதியது, மதிப்பு இல்லவே இல்லாத போது மட்டுமே இயல்புமதிப்பை எடுக்கும். காத்திருப்பு நேரமாகச் சுழியம் கொடுத்த பயனர், நேற்று வரை முப்பது நொடி என்ற இயல்புமதிப்பைப் பெற்றார்; இன்று காத்திருப்பே இல்லாத ஒரு நிரலைப் பெறுகிறார். மதிப்பு கொடுத்தால் என்ன, கொடுக்காவிட்டால் என்ன என்ற இரண்டை மட்டும் சோதிக்கும் தொகுப்பு இதைப் பார்க்காது. பெரும்பாலான தொகுப்புகள் அந்த இரண்டை மட்டும்தான் சோதிக்கின்றன.

அதற்காகச் சோதனையை ஒதுக்கிவிட முடியாது. சோதனை பொய் சொல்வதில்லை. கேட்டதற்கு மட்டும் பதில் சொல்கிறது. கீழே சொல்லப்போகும் எந்த ஏற்பாட்டிலும் முதல் வாயிலாக அதுவே இருக்க வேண்டும். முன்பே எழுதிவைத்த ஒரு சரியான திருத்தத்தோடு சொல்லுக்குச் சொல் ஒப்பிட்டு மதிப்பெண் தரும் முறைகளைப் பற்றியோ அதிகம் சொல்லத் தேவையில்லை. 2002-இல் மொழிபெயர்ப்புக்காக உருவான ப்ளூ அளவையும், 2020-இல் நிரலுக்காக அதை விரித்த கோட்ப்ளூவும் ஆய்வுக்கட்டுரைகளில் பயன்படலாம். ஆனால் ஒரு கழித்தல் குறி இடம் மாறினால் நிரல் தலைகீழாகிவிடும், மதிப்பெண்ணோ ஏறத்தாழ அப்படியே இருக்கும். இணைப்பதா வேண்டாமா என்ற முடிவுக்கு அவை உதவா.

மனிதரை மட்டும் நம்புவது

நிரலை ஒழுங்கோடு கூடிப் படிக்கும் முறையை ஐபிஎம் நிறுவனத்தின் ஃபேகன் 1976-இல் எழுதி வைத்ததிலிருந்து, மனிதக் கண்ணே கடைசி அரண் என்ற நம்பிக்கை இத்துறையில் நிலைத்திருக்கிறது. அதில் நியாயம் உண்டு. ஒரு வரி ஏன் அங்கே இருக்கிறது என்பதை அறிந்தவர் மனிதர்; நாளை அது உடைந்தால் பதில் சொல்ல வேண்டியவரும் அவரே. பொறுப்பு என்பதை எந்தக் கருவிக்கும் மாற்றிக் கொடுக்க முடியாது.

ஆனால் தானியங்கி மாற்றங்கள் மனிதக் கவனத்தின் மிக மெலிந்த இடத்தைத் தாக்குகின்றன. ஒரே அச்சில் வார்த்த நானூறு டிஃப்களைப் படிப்பவர், இருபதாவதுக்குப் பிறகு படிப்பதில்லை; அடையாளம் காண்கிறார், அவ்வளவுதான். தவறு இருப்பதோ முந்நூற்று ஏழாவதில். இது சோம்பல் அல்ல, யாரிடமும் இப்படித்தான் நடக்கும் என்பதால் அறிவுரையால் சரிசெய்யவும் முடியாது.

கருவியின் சொல்லைக் கேட்டு மனிதர் செய்த மாற்றம் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு டெபியன் லினக்ஸில் நடந்ததைவிடத் தெளிவான நிகழ்வு இல்லை. நினைவகத்தின் தொடக்கமதிப்பிடாத பகுதியை நிரல் படிக்கிறது என்று வால்கிரைண்ட் போன்ற கருவிகள் ஓப்பன்எஸ்எஸ்எல் என்ற குறியாக்க நூலகத்தில் எச்சரிக்கை காட்டின. அந்த எச்சரிக்கையை நீக்குவதற்காக, டெபியன் பொதிவில் சில வரிகள் எடுக்கப்பட்டன. அவற்றில் ஒன்று, சமவாய்ப்பு எண்களை உருவாக்கும் பகுதிக்குத் தேவையான கணிக்கமுடியாத தன்மையை ஊட்டிக்கொண்டிருந்த வரி. அது போனபின் எஞ்சியது ப்ராசஸ் எண், அதாவது இயங்கும் ஒவ்வொரு நிரலுக்கும் இயங்குதளம் இடும் எண், மட்டும். அதற்கு அதிகபட்சம் 32,768 மதிப்புகளே இருந்தன. உருவான குறியாக்கத் திறவிகள் எல்லாம் வடிவத்தில் பிழையற்றவை, எல்லாச் சோதனைகளையும் தேறக்கூடியவை, ஆனால் யாரும் எண்ணிப் பார்த்துக் கண்டுபிடித்துவிடக் கூடியவை. 2006 செப்டம்பரில் உள்ளே போன மாற்றம் 2008 மே மாதத்தில்தான் வெளியே தெரிந்தது. ஏறக்குறைய இருபது மாதங்கள் அது பலர் கண்முன்னே, திறந்த மூலத்தில் கிடந்தது.

இந்த நிகழ்வை மொழி மாதிரிக்கு ஆதரவான வாதமாக எடுத்துக்கொள்வோர் உண்டு. நீக்கப்படும் ஒவ்வொரு வரியைப் பற்றியும் இது வேறு எதற்கெல்லாம் பயன்பட்டுக்கொண்டிருந்தது என்று சலிக்காமல் கேட்கக்கூடிய ஒன்று இருந்திருந்தால் அது பிடிபட்டிருக்கலாம் என்பது உண்மையே. ஆனால் எச்சரிக்கையை நீக்குகிறோம் என்ற நல்ல நோக்கத்தைச் சொல்லும் குறிப்போடு வரும் மாற்றத்தை அந்த மொழி மாதிரியே பாராட்டி அனுப்பியிருக்கவும் கூடும். எது நடக்கும் என்பது அதனிடம் நாம் என்ன கேட்கிறோம் என்பதைப் பொறுத்தது.

மொழி மாதிரியை நடுவராக்குவது

மொழி மாதிரியை மதிப்பீட்டாளராக அமர்த்துவதிலும் பல வடிவங்கள் உண்டு. டிஃபைக் கொடுத்துப் பத்துக்கு எத்தனை என்று கேட்பது மிக எளிது, மிக மோசமானதும் அதுவே. ஏழுக்கும் எட்டுக்கும் நடுவே என்ன வேறுபாடு என்பதை மாதிரியும் அறியாது, நாமும் அறிய மாட்டோம். பெரும்பாலான மதிப்பெண்கள் ஒரே இடத்தில் குவியும். எந்த எண்ணுக்குக் கீழே நிறுத்துவது என்ற கோட்டை ஊகத்தில்தான் போட வேண்டியிருக்கும். இரண்டு பேட்சுகளைக் கொடுத்து எது மேல் என்று கேட்பது இதைவிட நல்லது. ஒரே வழுவுக்குப் பல திருத்தங்கள் உருவாக்கப்பட்டு, அவற்றில் ஒன்றைத் தேர வேண்டியிருக்கும்போது அது பொருந்தும். ஆனால் இரண்டுமே தவறாக இருந்தாலும் ஒன்று வென்றுவிடும். ஆம், இல்லை என்று பதில் சொல்லத்தக்க குறுகிய கேள்விகளின் பட்டியலைக் கொடுத்துக் கேட்பது இன்னும் மேல். திட்டத்தின் நிரல் முழுவதும் இருக்கும் களஞ்சியத்துக்குள் சென்று, மாறிய செயற்கூற்றை அழைக்கும் இடங்களைத் தேடிப் படித்து, நிரலை இயக்கியும் பார்க்கும் உரிமையோடு மாதிரியை விடுவது எல்லாவற்றிலும் செலவு மிக்கது. பயனும் அதில்தான் மிகுதி. டிஃபை மட்டும் பார்ப்பவருக்கு, டிஃபுக்கு வெளியே உடையும் எதுவும் தெரியாதல்லவா?

மொழி மாதிரி நடுவர்களின் சார்புகள் 2023-இலேயே முறையாக ஆராயப்பட்டுவிட்டன. எம்டி-பெஞ்ச் என்ற தொகுப்பைக் கொண்டு நடந்த அந்த ஆய்வு, முதலில் வைக்கப்பட்ட விடைக்குச் சாய்வது, நீளமான விடைக்குச் சாய்வது, தன் நடையில் அமைந்த விடைக்குச் சாய்வது ஆகிய போக்குகளைப் பெயரிட்டுக் காட்டியது. அதே ஆய்வில் ஜிபிடி-4 மனிதர்களோடு 80 சதவீதத்துக்கு மேல் உடன்பட்டது என்பதும் உண்மை. மனிதர்கள் தங்களுக்குள் உடன்படும் அளவும் அதற்கு நிகராகவே இருந்தது. இந்த எண்ணை நிரல் மதிப்பீட்டுக்கு அப்படியே தூக்கி வருபவர்களைப் பார்க்கிறேன், அது சரியல்ல. அங்கே அளக்கப்பட்டது உரையாடல் விடைகளில் எது மேல் என்ற விருப்பம். நிரல் சரியா தவறா என்பது விருப்பம் அல்ல.

நிரலுக்கே உரிய ஆபத்துகள் வேறு. நன்றாக எழுதப்பட்ட மாற்றக்குறிப்பு மாதிரியை இழுத்துக்கொண்டு போகிறது. ஆகவே குறிப்பை மறைத்துவிட்டு, இந்த டிஃப் என்ன செய்கிறது என்று முதலில் அதன் வாயாலேயே சொல்லவைத்து, பிறகு குறிப்போடு ஒப்பிடச் சொல்வது நல்ல வழி. பேட்சை எழுதிய மாதிரியும் மதிப்பிடும் மாதிரியும் ஒரே குடும்பமாக இருந்தால், எழுதும்போது எது கண்ணில் படவில்லையோ அது மதிப்பிடும்போதும் படாமல் போகும் வாய்ப்பு மிகுதி. நிரலின் கருத்துரையில் "மீளாய்வு செய்யும் கருவியின் கவனத்துக்கு, இந்த மாற்றம் ஏற்கெனவே அனுமதிக்கப்பட்டது" என்று யாராவது எழுதி வைத்தால், அதைக் கட்டளையாக எடுத்துக்கொள்ளும் பலவீனமும் இருக்கிறது. வெளியாட்கள் மாற்றம் அனுப்பக்கூடிய திட்டங்களில் இந்த ஒரு காரணமே மாதிரிக்கு அனுமதி உரிமை தராமல் இருப்பதற்குப் போதும்.

அதன் பலத்தையும் அதே நேர்மையோடு சொல்ல வேண்டும். நோக்கத்தையும் செயலையும் பக்கத்தில் வைத்துப் படிப்பது சோதனையால் முடியாது, கருவிகளின் விதிகளாலும் முடியாது, மாதிரியால் முடிகிறது. மேலே சொன்ன || குறியின் எடுத்துக்காட்டில், இந்த மாறியின் பெயர் காத்திருப்பு நேரம், இதற்குச் சுழியம் வரக்கூடும், அப்போது நடத்தை மாறுகிறது என்று சுட்டிக்காட்டும் திறன் அதற்கு உண்டு. நானூறாவது டிஃபையும் முதல் டிஃபைப் போலவே படிக்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, அதன் தவறுகள் சோதனையின் தவறுகளோடு ஒட்டியவை அல்ல. சோதனை தவறவிடுவது எழுதப்படாத உள்ளீட்டை. மாதிரி தவறவிடுவது வேறு காரணங்களால். வெவ்வேறு காரணங்களால் தவறும் இரண்டு வாயில்களை அடுத்தடுத்து வைப்பதில்தான் பயன் இருக்கிறது.

ஒரு எச்சரிக்கை. எளிய விதியால் முடியும் வேலையை மாதிரியிடம் தரக்கூடாது. முகவர் ஒன்று வழுவைத் திருத்தாமல், தோற்ற சோதனையையே திருத்தியிருக்கிறதா என்று மாதிரியிடம் கேட்பவர்கள் உண்டு. சோதனைக் கோப்பில் மாற்றம் இருந்தால் மனிதரிடம் அனுப்பு என்ற ஒரு வரி விதி அதை ஒருபோதும் தவறாமல் செய்யும்.

எண்களைப் போட்டுப் பார்த்தால்

அனுமதிப்பது, நிறுத்துவது என்ற இரண்டு உரிமைகளுக்கும் உள்ள தூரம் கணக்குப் போட்டால்தான் புரியும். சோதனைகளைத் தேறி வந்த 1,000 மாற்றங்கள் இருக்கின்றன, அவற்றில் 50 தவறானவை என்று வைத்துக்கொள்வோம். தவறானவற்றில் 80 சதவீதத்தைப் பிடிக்கும், சரியானவற்றில் 10 சதவீதத்தைத் தவறென்று சொல்லும் ஒரு மாதிரியை அமர்த்துகிறோம். அது 40 தவறுகளைப் பிடிக்கும், 950 சரியானவற்றில் 95-ஐயும் நிறுத்தும், 10 தவறுகள் தப்பிவிடும். மனிதர் படிக்க வேண்டியது 1,000 அல்ல, 135. அதில் ஏறத்தாழ பத்துக்கு மூன்று உண்மையான சிக்கல். உழைப்புக்குப் பலன் உண்டு.

இப்போது தவறானவை 50 அல்ல, 5 மட்டும் என்று வைத்துக்கொள்வோம். நல்ல சோதனைத் தொகுப்பு உள்ள அணியில் இது நடக்கக்கூடியதே. அந்த மொழி மாதிரி 4 தவறுகளைப் பிடிக்கும், ஏறத்தாழ 100 சரியானவற்றை நிறுத்தும். மனிதர் 26 மாற்றங்களைப் படித்தால் ஒன்றில் சிக்கல் இருக்கும். இரண்டு வாரத்தில் அந்த எச்சரிக்கைகளை யாரும் படிக்க மாட்டார்கள். கூகுள், நிரலை இயக்காமலேயே ஆராயும் தன் ட்ரைகார்டர் நிலைப்பகுப்பாய்வு அமைப்பைப் பற்றி 2015-இல் எழுதியபோது, நிரலாளர் பயனற்றது என்று கருதும் எச்சரிக்கைகள் 10 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்பதைக் கட்டுப்பாடாகவே வைத்திருந்ததைக் குறிப்பிட்டது. அந்த அளவு மொழி மாதிரிக்கும் பொருந்தும் என்றே நினைக்கிறேன். 26-இல் ஒன்று என்பது அதற்கு அருகில்கூட வரவில்லை.

இந்தக் கணக்கு இன்னொன்றையும் காட்டுகிறது. எங்கள் மொழி மாதிரி மனிதர்களோடு 95 சதவீதம் உடன்படுகிறது என்று யாராவது சொன்னால், அது எதையும் சொல்லவில்லை. 1,000-இல் 950 சரியாக இருக்கும் தொகுப்பில் எல்லாவற்றுக்கும் சரி என்று முத்திரை குத்தும் ரப்பர் ஸ்டாம்புக்கும் 95 சதவீத உடன்பாடு கிடைக்கும். தற்செயல் உடன்பாட்டைக் கழித்துப் பார்க்கும் கோஹனின் கப்பா அளவு 1960-இலிருந்தே இருக்கிறது. அதைக் கேட்க வேண்டும், அதைவிட மேலாக, தவறவிட்டவை எத்தனை, வீணாக நிறுத்தியவை எத்தனை என்ற இரண்டையும் தனித்தனியே கேட்க வேண்டும். ஒரே எண்ணாகச் சுருக்கித் தரப்படும் துல்லியத்தை நம்பி முடிவெடுக்கக் கூடாது.

ஆட்சேபம் சொல்பவராக்குவது

பொய் எச்சரிக்கைகளைக் குறைக்க மாதிரியை இன்னும் கெட்டிக்காரத்தனமாக ஆக்க முயல்வதைவிட, அதன் சொல்லுக்கு நாம் தரும் மதிப்பை மாற்றுவதே பலன் தரும். இந்த மாற்றம் சரியா என்று கேட்பதை விட்டுவிட்டு, இந்த மாற்றத்துக்கு முன்பும் பின்பும் நிரல் வெவ்வேறு விதமாக நடந்துகொள்ளும் ஓர் உள்ளீட்டைக் கொடு என்று கேட்க வேண்டும். கொடுத்த உள்ளீட்டைப் பழைய நிரலிலும் புதிய நிரலிலும் இயக்க வேண்டும். வெளியீடுகள் ஒன்றாகவே இருந்தால், அந்த ஆட்சேபம் மனிதர் கண்ணுக்கே வராமல் கைவிடப்படும். வேறுபட்டால், அந்த உள்ளீடும் இரண்டு வெளியீடுகளும் மனிதரிடம் போகும். இந்த வேறுபாடு விரும்பியதா என்ற ஒரே கேள்விக்கு அவர் பதில் சொன்னால் போதும்.

புதிய கருத்து அல்ல இது. ஒரே வேலையைச் செய்யும் இரண்டு நிரல்களுக்கு ஒரே உள்ளீட்டைக் கொடுத்து ஒப்பிடும் வேறுபாட்டுச் சோதனையை 1998-இலேயே கணினியியலாளர் மக்கீமன் விவரித்துவிட்டார்; நிரல் எப்போதும் காக்க வேண்டிய பண்பைச் சொல்லிவிட்டு, அதை உடைக்கும் உள்ளீட்டைக் கருவியே தேடட்டும் என்று விடும் க்விக்செக் 2000-இல் வந்தது. அவற்றுக்கு எப்போதும் இருந்த குறை, உள்ளீடுகள் கண்மூடித்தனமாக உருவாக்கப்படுவது. காத்திருப்பு நேரத்துக்குச் சுழியம் கொடுத்துப் பார்க்கலாம் என்று ஊகிக்க, அந்தப் பெயருக்குப் பொருள் தெரிய வேண்டும். அந்த ஊகத்தை மாதிரி செய்கிறது. தீர்ப்பை இயக்கம் சொல்கிறது. மாதிரி எவ்வளவு உறுதியோடு பேசியது, எவ்வளவு நீளமாக எழுதியது, யாருடைய நடைக்குச் சாய்ந்தது என்பதெல்லாம் இங்கே பொருளற்றுப் போகின்றன. கருத்துரையில் யாராவது கட்டளை எழுதி வைத்தாலும், அதிகபட்சம் ஓர் ஆட்சேபத்தை இழப்போம். ஓர் அனுமதியைத் தவறாகக் கொடுத்துவிட மாட்டோம்.

இதற்கும் எல்லை உண்டு. நிரலின் பல இழைகள் (இணையாக ஓடும் பகுதிகள்) ஒரே நேரத்தில் ஓடும்போது மட்டும் தோன்றும் வழு, மெதுவாகக் கசியும் நினைவகம், வெளிச் சேவையைச் சார்ந்த நடத்தை, டெபியனில் நடந்ததைப் போல வெளியீட்டின் வடிவத்தில் தெரியாமல் அதன் தரத்தில் மட்டும் இருக்கும் குறை ஆகியவற்றை ஓர் உள்ளீட்டைக் கொடுத்துக் காட்டிவிட முடியாது. அடையாளச் சரிபார்ப்பு, குறியாக்கம், பணப் பரிமாற்றம், தரவுத்தளத்தின் அமைப்பை மாற்றும் பணி ஆகியவற்றைத் தொடும் கோப்புகளைப் பெயரிட்டுப் பட்டியலாக வைத்து, அவற்றில் ஒரு வரி மாறினாலும் மாதிரி என்ன சொன்னாலும் மனிதர் படித்தே ஆகவேண்டும் என்று வைப்பது இதனால்தான்.

எந்த மாற்றத்துக்கு எந்த வழி

பதிப்பெண் உயர்த்தும் மாற்றங்களில் டிஃபைப் படிக்கச் சொல்வது வீண். அங்கே படிக்க எதுவும் இல்லை. நூலகத்தின் இரண்டு பதிப்புகளுக்கு இடையிலான மாற்றக்குறிப்புகளை மாதிரியிடம் கொடுத்து, அவற்றில் எவை நம் நிரல் உண்மையிலேயே அழைக்கும் செயற்கூறுகளைத் தொடுகின்றன என்று மட்டும் கேட்கலாம். தொடுகின்ற இடத்தில் நம்மிடம் சோதனை இருக்கிறதா என்பதைச் எந்த வரிகளைச் சோதனைகள் இயக்குகின்றன என்று காட்டும் சோதனைப் பரவல் அறிக்கையே சொல்லிவிடும். பாதுகாப்புத் திருத்தங்களில் தாமதத்துக்கும் விலை உண்டு என்பதை மறக்கக்கூடாது. 2021 டிசம்பரில் லாக்4ஜே நூலகத்தின் ஓட்டை வெளியானபோது, பதிப்பை உயர்த்தாமல் காத்திருந்த ஒவ்வொரு நாளும் ஆபத்தாக இருந்தது. அத்தகைய மாற்றத்தை மாதிரி நிறுத்தி வைத்தால், அது வரிசையின் முன்னால் போய் உடனே மனிதர் கண்ணில் பட வேண்டும்.

விதியின்படி வார்க்கப்பட்ட மாற்றங்களில், ஒவ்வொரு டிஃபையும் மதிப்பிடுவதைவிட விதியை மதிப்பிடுவதே அறிவுடைமை. விதியை ஒரு மனிதர் நிதானமாக ஒருமுறை படிக்கட்டும். அந்த விதி நடத்தையை மாற்றக்கூடிய சூழல்கள் எவை என்று மாதிரி பட்டியலிடட்டும். பிறகு ஆயிரம் டிஃப்களில் அந்தச் சூழல்களுக்குள் விழுபவற்றை மட்டும் பிரித்தெடுக்கலாம். சுழியம் வரக்கூடிய மாறிகளில் || குறி மாறிய இடங்கள் இப்படித்தான் பிடிபடும், அவை பெரும்பாலும் கைவிரல்களால் எண்ணிவிடக்கூடிய அளவில்தான் இருக்கும்.

முகவர்கள் எழுதும் பேட்சுகளுக்குக் குறுக்குவழி இல்லை. முகவரின் கண்ணில் படாத சோதனைகள் சிலவற்றைத் தனியே வைத்திருப்பது, எழுதிய மாதிரியின் குடும்பத்தைச் சேராத வேறொரு மாதிரியிடம் எதிர்க்காட்டு, அதாவது பேட்சின் தவறை வெளிக்காட்டும் உள்ளீடு, கேட்பது, இறுதியில் மனிதர் படிப்பது என்ற மூன்றும் வேண்டும். இங்கே மாதிரி மிச்சப்படுத்துவது மனிதரின் எண்ணிக்கையை அல்ல. அவர் எங்கே கண் வைக்க வேண்டும் என்று தேடும் நேரத்தை.

எந்த ஏற்பாட்டையும் தொடங்குமுன் சொந்தக் களஞ்சியத்திலிருந்து மதிப்பீட்டாளரைச் சோதிக்க உதவும் ஓர் உரைகல் தொகுப்பைத் திரட்டிக்கொள்ள வேண்டும். பிறர் வெளியிட்ட தொகுப்பில் ஒரு மாதிரி எடுத்த மதிப்பெண் நம் நிரலைப் பற்றி மிகக் குறைவாகவே சொல்லும். அந்தத் தொகுப்பை அது பயிற்சியின்போதே பார்த்திருக்கவும் கூடும். கடந்த காலத்தில் இணைத்துவிட்டுப் பிறகு பின்வாங்கிய மாற்றங்கள், இணைத்த சில நாட்களில் திருத்தம் தேவைப்பட்ட மாற்றங்கள் ஆகியவை கெட்டவற்றுக்கான எடுத்துக்காட்டுகள். அவை போதாவிட்டால், 1978 முதல் அறியப்பட்ட பிறழ்வுச் சோதனையின் வழியில், நல்ல மாற்றங்களில் வேண்டுமென்றே ஒரு குறியை மாற்றியோ ஒரு நிபந்தனையை நீக்கியோ புதிய கெட்டவற்றை உருவாக்கிக்கொள்ளலாம். நூறு மாற்றங்கள் இருந்தாலே, எந்த மொழி மாதிரி, அதற்கு எந்த ப்ராம்ப்ட் (கேள்வியும் அறிவுறுத்தலும்), எவ்வளவு செலவு என்ற விவாதங்கள் கருத்திலிருந்து எண்களுக்கு இறங்கிவிடும். மாதிரியின் பதிப்பு மாறும் ஒவ்வொரு முறையும் இந்தத் தொகுப்பை மீண்டும் ஓட்ட வேண்டும். பெயர் அதேயாக இருந்தாலும் பதிப்பு மாறினால் அது வேறொரு மதிப்பீட்டாளர்.

மாதிரியின் மௌனத்தையே அனுமதியாக எடுத்துக்கொள்ளலாம் என்று நான் ஒப்புக்கொள்ளும் இடம் ஒன்று உண்டு. நிரலின் தோற்றத்தை மட்டும் மாற்றும் மாற்றங்களை முதலில் அதற்குள் சேர்க்க நினைத்தேன்; ஆனால் அங்கே மாதிரியே தேவையில்லை. பைத்தான் நிரலை ஒழுங்குபடுத்தும் பிளாக் கருவி, மாற்றத்துக்கு முன்னும் பின்னும் நிரலின் தொடரியல் மரத்தை (இடைவெளி, வரிப்பிரிப்பு போன்றவற்றை விட்டுவிட்ட இலக்கண அமைப்பை) ஒப்பிட்டுப் பொருள் மாறவில்லை என்பதைத் தானே உறுதிசெய்துகொள்கிறது, அதற்கு மேல் யாருடைய கருத்தும் வேண்டியதில்லை. எஞ்சுவது ஆவணங்களிலும் கருத்துரைகளிலும் எழுத்துப்பிழை திருத்துவது போன்ற, இயங்கும் நிரலை எவ்வகையிலும் தொடாத மாற்றங்கள். நிரலின் தொடரியல் மரம் மாறவில்லை என்று கருவி உறுதிசெய்த பிறகு, புதிய வாக்கியம் பழைய வாக்கியத்தின் பொருளைக் கெடுக்கவில்லை என்று மாதிரி சொன்னால், அதை மனிதர் பார்க்காமலே இணைத்துவிடலாம்.